தொட்டிலைக் கட்டிலாக மாற்றலாமா?

கேள்வி: எனக்கு ஐந்தாம் மாதம். தெரிந்த ஆசாரியிடம் சொல்லி தொட்டில், சின்னக் கட்டில், சோபா, மேஜை, பெரிய கட்டில் என ஐந்து விதமாக மாற்றுகிற மாதிரி ஒன்று செய்யலாம் என்கிறார் கணவர். ‘தூளி போதும், இதெல்லாம் தண்டச் செலவு’ என்கிறார் மாமியார். இருப்பதோ வாடகை வீடு. செய்யலாமா?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஐந்து எதற்கு? சோபா, மேஜை என்று சேர்க்கச் சேர்க்க மூட்டுகள் கூடும், ஆட்டம் கொடுக்கும். தொட்டில், அப்புறம் பெரிய கட்டில், இரண்டும் உருப்படியாக அமைந்தால் போதும்.

ஆசாரியிடம் பெரிய கட்டிலிலிருந்து பேச்சை ஆரம்பியுங்கள். அமெரிக்காவில் விற்கும் இப்படிப்பட்ட தொட்டில்களில், நீளவாட்டில் இருக்கும் பின்பக்கம்தான் பிற்பாடு கட்டிலின் தலைமாடு. அங்கே தொட்டில் மெத்தையின் நீளம் 52 அங்குலம், டபுள் மெத்தையின் அகலம் 54 அங்குலம், அதனால் பொருந்துகிறது. நமக்குக் கணக்கு இன்னும் சுலபம். 4 அடிக்கு 2 அடி தொட்டில் செய்தால், அந்த 4 அடிப் பக்கமே 4 அடி அகலக் கட்டிலுக்குத் தலைமாடு. பெரிய கட்டிலின் பக்கச் சட்டங்களை இப்போதே செய்து பரணில் போட வேண்டாம். கால்களில் அதற்கான துளைகள் மட்டும் இருக்கட்டும்.

அடுத்து மூட்டு. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மரத்தில் நேராக ஏற்றிய ஸ்க்ரூவை நாலு தடவை கழற்றி மாட்டினால் துளை தளர்ந்துவிடும். ப்ளைவுட் ஓரமென்றால் இன்னும் சீக்கிரம். கழற்ற வேண்டிய இடங்களிலெல்லாம் போல்ட்டும், மரத்துக்குள் பதிக்கிற நட்டும் கேளுங்கள். அங்கே பசை கூடவே கூடாது. வீடு மாறும்போதும் பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம்.

தொட்டிலாக இருக்கும் காலத்துக்குச் சில அளவுகள். கம்பிகளுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி ஆகாது. மெத்தை கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும். குழைகிற இலவம்பஞ்சு வேண்டாம். மெத்தைக்கும் சட்டத்துக்கும் இடையில் இரண்டு விரலுக்கு மேல் நுழைந்தால் மெத்தை சிறியது என்று அர்த்தம். அடிப்பலகையை இரண்டு உயரங்களில் மாட்ட வழி செய்யுங்கள். குழந்தை பிடித்து நிற்கத் தொடங்குவதற்குள் அதைக் கீழே இறக்கிவிட வேண்டும்; அப்போது பலகையிலிருந்து மேல் சட்டம் வரை 26 அங்குலமாவது இருக்கட்டும். 90 செ.மீ. உயரம் வளர்ந்த பிள்ளைக்குத் தொட்டில் ஆகாது, ஏறிக் குதித்துவிடும்.

தொட்டிலின் பக்கச் சட்டம் ஏறி இறங்குகிற மாடலை ஆசாரி காட்டினால் மறுத்துவிடுங்கள். சட்டம் கழன்று, அந்த இடுக்கில் சிக்கிக் குழந்தைகள் இறந்ததால் 2011-இல் அமெரிக்கா அதைத் தடையே செய்துவிட்டது.

பெயின்ட் அடிப்பதானால் புது டப்பா வாங்கிக் கொடுங்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கை)த் தாண்டக் கூடாது என்ற விதி இங்கே 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. பட்டறை மூலையில் கிடக்கும் பழைய டப்பாவின் வயது யாருக்குத் தெரியும்? பல் முளைக்கிற குழந்தை முதலில் கடிப்பது மேல் சட்டத்தைத்தான்.

மாமியாரோடு வாதம் வேண்டாம். யாராவது பக்கத்திலிருந்து ஆட்டும்போது தூளி இருக்கட்டும். தனியாகப் படுக்க வைக்கத் தொட்டில். பிறப்பதற்கு முன்னால் தொட்டில் வீட்டுக்கு வரக் கூடாது என்று அவர் சொன்னால் அதுவும் நல்லதுதான். பட்டறையிலேயே இருக்கட்டும், வார்னிஷ் வாடையும் அதற்குள் போய்விடும்.