அம்மா எல்லோருக்கும் வாசித்துக் காட்டிய மெசேஜ்

கேள்வி: வயது 16. ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதிவிட்டு கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டோடு இருக்கிறேன். டியூஷனில் ஒரு பையனைப் பிடித்திருந்தது. அவனுக்குத் தெரியாது, என் சிநேகிதிக்கு மட்டும் சொன்னேன். இப்போது அவளே அவனோடு இரவிரவாகச் சாட் பண்ணுகிறாள். அழுதழுது அவளுக்கு நான் அனுப்பிய மெசேஜை அம்மா எடுத்து, லீவுக்கு வந்திருந்த பெரியம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் முன்னால் வாசித்தார். யாரோடு முதலில் கதைப்பது?

பதில்: அம்மாவோடுதான், தங்கச்சி. இங்கே சுருக்கிப் போட்டிருக்கும் உங்கள் கடிதத்தில் சிநேகிதியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அம்மாவைப் பற்றி மூன்றே வரி, ஆனால் அந்த மூன்று வரியில்தான் சித்தப்பா சிரித்ததும், நீங்கள் சாப்பாட்டுக் கோப்பையோடு எழும்பிப் போனதும் இருக்கிறது. அதுதான் ஆழமாகக் குத்தியிருக்கிறது. ஒருவரைப் பிடித்தது பிழையே இல்லை, அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். அம்மா பயந்திருப்பார், அது எனக்கு விளங்குகிறது. அதற்காகச் சபையில் வாசித்தது சரியென்று ஆகாது.

பெரியம்மா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பாருங்கள். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது போய் நின்று, "நீங்கள் ஏசினது பரவாயில்லை அம்மா, சித்தப்பாவுக்கு முன்னால வாசிச்சதைத்தான் தாங்க ஏலாமல் கிடக்கு" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் உடனே ஒன்றும் சொல்லாமல் விடலாம், துருவிக்கொண்டே இருக்கலாம். பரவாயில்லை, அவருக்குக் கேட்டிருக்கும். அதற்குப் பிறகும் வீட்டில் குத்திக் கதைப்பது நிற்காமல், அறையை விட்டு வெளியே வரவே மனமில்லாமல் போனால் 1929க்கு அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது, அழைக்கக் காசு போகாது.

சிநேகிதியோடு போனில் வேண்டாம். பின்னேரம் கடற்கரைக்கு வரச் சொல்லுங்கள், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கல்லில் உட்கார்ந்து நேரே கேளுங்கள்: "எனக்குப் பிடிக்குமென்று தெரிந்துதானே?" பதில் வரும்வரை பொறுங்கள், ரயில் ஒன்று போய் முடியுமட்டும் என்றாலும். அவளுக்கும் அவனை உண்மையாகவே பிடித்திருக்கலாம், அதைக் கேட்க வலிக்கும், ஆனால் உங்களிடம் மறைத்ததுதான் அவள் செய்த பிழை, அதை மட்டும் கேளுங்கள். பையன் பாவம், அவனுக்கு இதில் ஒன்றுமே தெரியாது, அவனை விட்டுவிடுங்கள். ரிசல்ட் வர முன்னமே ஏ.எல். (உயர்தர) டியூஷன் தொடங்கிவிடும், மூன்று பேரும் திரும்ப ஒரே வகுப்பில் போய் இருக்க முன்னம் அவளைச் சந்தித்துவிடுங்கள்.