அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் வில்வேட்டை செப்டம்பர் முதல் சனிக்கிழமையே தொடங்கிவிடுகிறதே, அதற்குள் மானுக்குக் கொம்பு வளர்ந்து முடிந்திருக்குமா?

முடிந்திருக்கும். இரண்டு வாரம் பொறுத்தால் இன்னும் கொஞ்சம் வளருமே என்று நினைத்துத்தான் கேட்கிறீர்கள் என்றால், வளராது. ஒரு அங்குலம்கூட வளராது. அப்படி நினைத்து நான் ஒரு மானை விட்டிருக்கிறேன், அதனால்தான் வேலை நாள் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நீங்கள் இந்த வருடம்தான் முதல்முறை லைசென்ஸ் எடுத்திருப்பீர்கள், யாரோ தெரிந்தவர் நிலத்தில் கேமரா கட்டியிருப்பீர்கள், ஜூலையில் அந்தக் கேமராவில் பஞ்சு சுற்றியது மாதிரி தடித்த கொம்போடு ஒரு ஆண்மான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பஞ்சு மாதிரி இருப்பதுதான் வெல்வெட். அது வெறும் மேல்பூச்சு கிடையாது, ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகிற உயிருள்ள தோல். கொம்புக்குத் தீனி அதன் வழியாகத்தான் போகிறது.

நம் மொழியில் மாட்டுக்கும் கொம்பு, மானுக்கும் கொம்பு என்று ஒரே சொல்லாகப் போனதால் நானும் ரொம்ப நாள் இரண்டும் ஒன்று என்றே இருந்தேன். மாட்டுக்கொம்பு உயிர் உள்ளவரை விழாது, உள்ளே எலும்பு, மேலே நகம் மாதிரி உறை. கிண்டியில் பார்க்கிற வெளிமானுக்கும் அப்படித்தான். ஆனால் புள்ளிமான், மிளா, இங்கே உள்ள வெள்ளைவால் மான் இவற்றுக்கெல்லாம் கொம்பு முழுக்க எலும்பு, வருடத்துக்கு ஒருமுறை விழுந்து திரும்ப முளைப்பது. வெள்ளைவால் மானுக்கு ஜனவரி முதல் மார்ச் வரையில் எப்போதாவது விழும். வசந்தத்தில் மொட்டு கிளம்பும், ஜூன் ஜூலையில் கண்ணுக்குத் தெரியும் வேகத்தில் நீளும், தின்கிற தீனியில் வருகிற தாது போதாமல் தன் விலா எலும்பிலிருந்தே சுண்ணாம்புச் சத்தை எடுத்துக் கொம்புக்கு அனுப்பும். ஆகஸ்ட் நடுவில் வளர்ச்சி நின்றுபோகும். பகல் நீளம் குறைவதை மூளை கணக்கெடுத்து டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏற ஏற, கொம்பு இறுகும், வெல்வெட்டுக்கு ரத்தம் நிற்கும், தோல் காய்ந்து கிழியும். மான் அதைச் செடியிலும் சின்ன மரத்திலும் தேய்த்து உரித்துவிடும், பெரும்பாலும் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும்.

ஆக செப்டம்பர் முதல் வாரத்தில் வெல்வெட்டோடு ஒரு மான் நின்றால், அது வளர்ந்துகொண்டிருக்கும் கொம்பு அல்ல, வளர்ந்து முடித்து இன்னும் உரிக்காத கொம்பு.

இது எனக்கு 2021இல் தெரியாது. அது எனக்கு இரண்டாவது சீசன். பார்ட்ஸ்டவுன் பக்கம் ஒரு பெரியவருடைய சோயா வயல், அவர் அனுமதி கொடுத்து ஓரத்து மரத்தில் உட்கார ஒரு ஸ்டாண்ட் கட்டியிருந்தேன். செப்டம்பர் 4, முதல் நாள் சாயங்காலம். ஏழரை மணி வெளிச்சத்தில் மூன்று ஆண்மான்கள் ஒன்றாக வந்தன. கோடை முழுக்க அவை அப்படித்தான் கூட்டுச் சேர்ந்து திரியும், சண்டையே இருக்காது. நடுவில் வந்தது பெரியது. 22 கஜம், பக்கவாட்டில் நிற்கிறது, காற்று எனக்குச் சாதகம், வில்லை இழுத்தும்விட்டேன். அப்போதுதான் வெல்வெட் கண்ணில் பட்டது. மனசுக்குள் ஒரே எண்ணம், இது இன்னும் வளர்கிற பிள்ளை, வளரட்டும். இங்கே ஒரு ஆளுக்கு வருடத்துக்கு ஒரு கொம்புமான்தான் அனுமதி, அதனால் அவசரப்படவும் தயக்கம். வில்லை மெதுவாகத் தளர்த்திவிட்டேன்.

ஐந்து நாள் கழித்து அதே மான் கேமராவில் வந்தது, கொம்பு உரித்து, சிவப்புக் கறையோடு. முனைகளை எண்ணினேன், அதேதான். சொல்லப்போனால் முன்பைவிடச் சின்னதாகத் தெரிந்தது, ஏனென்றால் அந்தத் தோலின் தடிமன் போய்விட்டது. அதற்கு அப்புறம் அது வயலுக்கு வரவே இல்லை. உரித்த பிறகு கூட்டம் உடைகிறது, ஒவ்வொன்றும் தனித்தனி வழி போகிறது, சோயா இலை மஞ்சளாகிறது, காட்டுக்குள் ஓக் மரக்காய் விழ ஆரம்பிக்கிறது, வயலுக்கு வர அதற்கு என்ன தேவை? அக்டோபர் முழுக்க உட்கார்ந்தேன். நவம்பரில் துப்பாக்கி சீசன் தொடங்கிய வாரம் பக்கத்து நிலத்துக்காரர் அதைச் சுட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, முறைப்படி சுட்டார், மனசோடு கூப்பிட்டுக் காட்டினார். வயல்காரப் பெரியவரும் வந்திருந்தார். நான் விட்ட கதையைச் சொன்னதும் அவர் அந்தக் கொம்பைப் பிடித்துக்கொண்டு, "நீ பார்த்த அன்றைக்கே இது இவ்வளவுதான். பெரிதாகணும் என்றால் இரண்டு வாரம் விட்டால் போதாது, ஒரு வருஷம் விடணும்" என்றார்.

கொம்பின் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மானின் வயதும் தீனியும்தான். ஐந்து ஆறு வயதில்தான் அது தன் உச்சத்துக்கு வரும். ஒன்றரை வயது மான் என்று தெரிந்தால் விடுங்கள், அதில் அர்த்தம் இருக்கிறது. வெல்வெட் இருக்கிறது என்பதற்காக விடாதீர்கள்.

மறு வருடம், 2022 செப்டம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை, வெல்வெட்டோடு ஒரு மான் எடுத்தேன். 18 கஜம், எழுபது அடி தூரத்தில் விழுந்துவிட்டது. பெரியவர் பல் தேய்மானத்தைப் பார்த்து நாலு வயது இருக்கும் என்றார். எடுத்த மானை அன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்குள் டெலிசெக் என்ற அரசுப் பதிவு முறையில் பதிவு செய்யவேண்டும், செய்தேன். எல்லாம் முறையாகத்தான் நடந்தது. படத்தை ஊர்க்காரர்கள் வாட்ஸாப் குழுவில் போட்டேன், அங்கேதான் வந்தது. "கொம்புகூட முழுசா முளைக்காத குட்டி மானைக் கொன்னுட்டீங்களே." நாலு வயது மான் ஐயா. அந்த ஒரு வரிக்குப் பதினாறு பேர் ஆமாம் போட்டார்கள். பதில் எழுதினேன், யாரும் படித்ததாகத் தெரியவில்லை. இன்றுவரை ஆறவில்லை, ஒளிக்காமல் சொல்கிறேன்.

வேட்டையே பாவம் என்பவர்களோடு நான் வாதாட வரவில்லை. அவர்கள் நிலைப்பாட்டை மதிக்கிறேன், என் அம்மாவே அந்தக் கட்சி. நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், விழுந்த கொம்பை எடுத்து வீட்டில் வைப்பதும் குற்றம், அது அங்கே சரி. நான் உயிரியல் படித்தவனும் அல்ல, இங்கே யாராவது படித்தவர்கள் திருத்தினால் கேட்டுக்கொள்வேன். "முதுமலையில் டிசம்பரில்கூட வெல்வெட் மான் பார்த்திருக்கிறேனே" என்று ஒருவர் கீழே எழுதப்போகிறார் என்று தெரியும். நானும் மசினகுடிப் பக்கம் ஒரே கூட்டத்தில் உரித்ததும் உரிக்காததுமாகப் பார்த்திருக்கிறேன். அது புள்ளிமான். அங்கே பகல் நீளம் வருடம் முழுக்கப் பெரிதாக மாறுவதில்லை, ஒவ்வொரு மானும் தன் கணக்கில் போகும். கென்டக்கியில் குளிர் முடிந்து குட்டி பிறக்கவேண்டும் என்ற கட்டாயம் இருப்பதால் எல்லா மானும் ஏறக்குறைய ஒரே காலண்டரில் நடக்கிறது. நாள் கணக்கில் வித்தியாசம் உண்டு, என் கேமராவில் ஆகஸ்ட் கடைசியிலேயே உரித்ததும் உண்டு, செப்டம்பர் 12 வரை தோலோடு இருந்ததும் உண்டு.

வெல்வெட்டோடு எடுக்கவேண்டும் என்றே ஆசைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். டென்னசி மாநிலம் அதற்காகவே 2018 முதல் ஆகஸ்ட் கடைசியில் மூன்று நாள் தனி வேட்டை வைக்கிறது. தெற்குக் கரோலினாவின் கடற்கரைப் பகுதியில் ஆகஸ்ட் 15க்கே சீசன் திறந்துவிடும். மிச்சிகன், அயோவாவில் அக்டோபர் 1, அங்கே வெல்வெட் பார்ப்பதே அபூர்வம். அக்டோபரில் எடுத்த மானின் கொம்பு செப்டம்பர் முதல் வாரத்து மானின் கொம்பைவிட ஒரு மாதம் அதிகம் வளர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

      

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வெல்வெட் மானை எடுத்தால் கொம்பைப் பிடித்து இழுக்காதீர்கள், தோல் வழன்று வந்துவிடும், பின்னங்காலைப் பிடித்து இழுங்கள். தோலோடு வைக்க ஆசை என்றால் அன்றைக்கே ஃப்ரீசரில் போடவேண்டும். நான் ஒரு ராத்திரி கராஜில் விட்டேன், மறுநாள் நாற்றம் தாங்காமல் உரித்துப் போட்டுவிட்டேன். அதைவிட முக்கியம் இறைச்சி. முதல் வாரம் 32 டிகிரி வெயில் அடிக்கும், வயிற்றை உடனே கிழித்துக் குடலை எடுத்துவிட்டு உள்ளே ஐஸ் மூட்டை வைத்தாகவேண்டும். அந்த ஐஸைக் காலையிலேயே கூலரில் போட்டுக் காரில் வைத்துக்கொண்டு போங்கள். அப்புறம் வாங்கலாம் என்று விடாதீர்கள். பெரும்பாலும் அது லேபர் டே (இங்கத்திய தொழிலாளர் தினம்) விடுமுறை வார இறுதி, சாயங்காலம் எந்தப் பெட்ரோல் பங்கிலும் ஒரு மூட்டை மிஞ்சியிருக்காது.