எந்தக் காது என்று எழுதுங்கள்: உள்காது எம்.ஆர்.ஐ. கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எம்.ஆர்.ஐ. பற்றியவை. அவற்றில் பாதிக்கு மேல் எந்தக் காதில் தொந்தரவு என்பதே இல்லை. வலதா இடதா, எத்தனை நாளாக, கேட்பது குறைந்திருக்கிறதா? இந்த மூன்றும் தெரியாமல் எந்த மருத்துவராலும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது. எழுதியிருப்பதை வைத்துச் சொல்ல முடிந்ததைச் சொல்கிறேன்.

படுக்கையில் இடது பக்கம் புரண்டால் அரை நிமிடம் அறையே சுழல்கிறது. பிறகு சரியாகிவிடுகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்துவிடட்டுமா?

வேண்டாம். நீங்கள் சொல்வது, தலையைத் திருப்பும்போது சிறிது நேரம் வரும் பிபிபிவி தலைச்சுற்றலோடு அப்படியே பொருந்துகிறது. அதற்குக் காரணமான, உள்காதில் இடம் பெயர்ந்த கால்சியம் துகள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும். எந்த ஸ்கேனிலும் தெரியாது. தலையைத் திருப்பிப் படுக்கவைத்துக் கண் அசைவைப் பார்க்கும் டிக்ஸ்-ஹால்பைக் சோதனைக்கு ஒரு கட்டிலும் இரண்டு நிமிடமும் போதும். உறுதியானால் அதே கட்டிலில் எப்ளி முறைப்படி தலையைத் திருப்பி, துகளைக் கிளம்பிய இடத்துக்கே அனுப்பிவிடலாம். பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, நடக்க முடியாத தள்ளாட்டம் என்று ஏதாவது சேர்ந்தால் மட்டும் கதை வேறு. அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

காதுக்கு சிடி நல்லதா, எம்.ஆர்.ஐ. நல்லதா?

எலும்பைப் பார்க்க சிடி, நீரையும் நரம்பையும் பார்க்க எம்.ஆர்.ஐ. காது எலும்பு இறுகும் ஓட்டோஸ்கிளிரோசிஸ், உள்காதின் சமநிலை உறுப்பான மேல் அரைவட்டக் குழாயில் எலும்பு விட்டுப்போவது இரண்டுக்கும் சிடி. நரம்புக் கட்டிக்கும், உள்காதில் நீர் கூடும் மெனியர் நோய்க்கும் எம்.ஆர்.ஐ. எது நல்லது என்பது என்ன தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. நீங்கள் என்ன தேடுகிறீர்கள் என்று எழுதவில்லை.

ஒன்றரை வருடமாகத் தலைச்சுற்றலும் காது இரைச்சலும். மூளை எம்.ஆர்.ஐ. எடுத்தேன், நார்மல் என்று ரிப்போர்ட். காது மருத்துவர் மெனியர் என்கிறார். ஸ்கேனில் இல்லாத நோய் எப்படி இருக்க முடியும்?

இருக்கும். உங்கள் ஸ்கேன் உங்கள் காதைப் பார்க்கவே இல்லை. இதை எத்தனையாவது முறையாக எழுதுகிறேன் என்று நினைவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

வழக்கமான மூளை எம்.ஆர்.ஐ.யில் ஒவ்வொரு படமும் சுமார் ஐந்து மில்லிமீட்டர் கனமுள்ள துண்டு. நத்தை ஓடுபோல் சுருண்ட செவி உறுப்பான காக்ளியாவின் மொத்த உயரமே ஐந்து மில்லிமீட்டர்தான். அதன் இரண்டரைச் சுற்றும் ஒரே துண்டுக்குள் மங்கலாகக் கலந்துவிடும். உள்காதுக்கென்று தனியாக, அரை மில்லிமீட்டர் கனத்தில் எடுக்க வேண்டும். மெனியருக்கு அதுவும் போதாது. உள்காதில் இரண்டு நீர்கள்: உள்ளறையில் எண்டோலிம்ஃப், அதைச் சுற்றிப் பெரிலிம்ஃப். நீரை வெள்ளையாகக் காட்டும் டி2 வகைப் படத்தில் இரண்டும் ஒரே வெள்ளை. நடுவிலுள்ள சவ்வு நூலிழையைவிட மெல்லியது. அதன் ஒரு பக்கத்தில் நீர் கூடியிருக்கிறது என்பதை அந்தப் படத்தில் யாராலும் சொல்ல முடியாது.

இந்தத் தலைச்சுற்றல் மூளையிலிருந்து வரவில்லை, உள்காதிலிருந்து வருகிறது என்று பிராஸ்பர் மெனியர் 1861-இலேயே சொல்லிவிட்டார். எண்டோலிம்ஃப் அறை வீங்கியிருப்பதை 1938-இல் லண்டனில் ஹால்பைக்கும் கேர்ன்ஸும், ஜப்பானில் யாமகாவாவும் தனித்தனியே கண்டார்கள். எல்லாம் இறந்தவர்களின் எலும்பைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தது. உயிரோடிருப்பவரின் காதில் அந்த வீக்கத்தைத் தெளிவாகப் படம் பிடிக்க 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நகோயா பல்கலைக்கழகத்தில் நகாஷிமா குழுவினர் காடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்தை எட்டு மடங்கு நீர்க்கச் செய்து, செவிப்பறை வழியாக நடுக்காதில் செலுத்தி, ஒரு நாள் கழித்து 3 டெஸ்லா காந்தப் புலமுள்ள கருவியில் எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் கை நரம்பில் ஊசி போட்டு, நான்கு மணி நேரம் கழித்து எடுக்கிறோம். மருந்து பெரிலிம்ஃபுக்குள் மெல்லக் கசியும், எண்டோலிம்ஃபுக்குள் போகாது. அதனால் ஃப்ளேர் என்ற வகைப் படத்தில் பெரிலிம்ஃப் வெளுத்தும் எண்டோலிம்ஃப் கறுத்தும் தெரியும்.

நல்ல காதில், உள்காதின் நடு அறையான வெஸ்டிபியூல் ஒரு வெள்ளைக் குட்டைபோல இருக்கும். அதற்குள் இரண்டு கறுப்புப் பொட்டுகள், எண்டோலிம்ஃப் நிறைந்த பைகள்: பெரியது யூட்ரிகிள், சிறியது சாக்யூல். மெனியரில் முதலில் சின்னப் பொட்டு உப்பிப் பெரியதை எட்டிப்பிடிக்கும். முற்றினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். வெள்ளை ஓரத்தில் ஒரு கீற்றாக ஒதுங்கும், சிலருக்கு அதுவும் இருக்காது. இப்படியொரு படத்தை முதன்முதலாகத் திரையில் பார்த்த அன்று, வெளியே உட்கார்ந்திருந்த அந்த அம்மாவைக் கூப்பிட்டு இரண்டு காதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். “எட்டு வருஷமா எல்லாம் மனப்பிரமைன்னு சொன்னாங்க டாக்டர்” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரும் ஏற்கனவே மூன்று மூளை ஸ்கேன் எடுத்திருந்தார். மூன்றும் நார்மல்.

என் ஆத்திரமெல்லாம் ஸ்கேனுக்கு எழுதி அனுப்பும் அந்தச் சீட்டின் மேல்தான். ‘தலைச்சுற்றல், எம்.ஆர்.ஐ. பிரைன்’ என்று மட்டும் எழுதி அனுப்புகிறார்கள். எந்தக் காது, கேட்கும் திறன் எப்படி, எதைச் சந்தேகிக்கிறோம், ஒன்றும் இருக்காது. எடுப்பவர் மூளையை எடுப்பார், படிப்பவர் மூளையைப் படிப்பார், நார்மல் என்று எழுதுவார். அதற்கு அர்த்தம் பார்த்த இடத்தில் ஒன்றுமில்லை என்பது. நோயாளியோ தனக்கு நோயே இல்லை என்று எடுத்துக்கொள்கிறார். ஸ்கேனுக்குப் போகும் முன் சீட்டை வாங்கிப் படியுங்கள். உங்கள் காது அதில் இல்லையென்றால் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான்கு மணி நேர ஸ்கேன் எல்லாருக்கும் வேண்டியதில்லை. மெனியரை நிர்ணயிப்பது நீங்கள் சொல்லும் விவரமும், கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராமும்தான்: இருபது நிமிடம் முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை நீடிக்கும் சுற்றல் குறைந்தது இரண்டு முறை, அதே காதில் தாழ்ந்த சுருதிகள் கேட்பதில் குறைவு, கூடிக்குறையும் இரைச்சல் அல்லது அடைப்பு. தொந்தரவே இல்லாத காதிலும் சில சமயம் வீக்கம் தெரிவதுண்டு. சந்தேகம் தீராதபோதும், உள்காதின் சமநிலை உறுப்பைச் செயலிழக்க வைக்கும் ஜென்டமைசின் ஊசி மாதிரி திரும்பப் பெற முடியாத சிகிச்சைக்கு முன்பும் இந்த ஸ்கேன் நிஜமாகவே உதவும்.

திடீரென்று ஒரு காது கேட்கவில்லை, இன்றோடு நான்கு நாள். ஸ்கேனுக்கு அடுத்த வாரம்தான் தேதி கிடைத்தது. அதுவரை பொறுக்கலாமா?

பொறுக்கக் கூடாது. இன்றே ஆடியோகிராம் எடுத்து, நரம்பு சார்ந்த இழப்பு என்றால் ஸ்டீராய்டு தொடங்குவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். முதல் இரண்டு வாரம் பொன்னான காலம். ஸ்கேன் எதற்கென்றால், நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க. நூறில் ஓரிருவருக்கு இருக்கும். கட்டி பெரும்பாலும் ஆமை வேகத்தில் வளரும், ஒரு வாரம் தாங்கும். உங்கள் செவித்திறன் தாங்காது. (எந்தக் காது என்று நீங்களும் எழுதவில்லை.)

நேற்று காலை முதல் நிற்காத தலைச்சுற்றல். அவசரப் பிரிவில் எம்.ஆர்.ஐ. நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நிம்மதியாக இருக்கலாமா?

இதைக் கடிதத்தில் கேட்கக் கூடாது. இது என் கைக்கு வந்து சேர்வதற்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கும். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மூளையின் பின்பகுதியில் ரத்த ஓட்டம் தடைப்பட்டால், முதல் 48 மணி நேரத்தில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஐந்தில் ஒருவருக்கு வரைகூடத் தவறவிடலாம். அந்த நேரத்தில் கண் அசைவைப் பரிசோதிக்கத் தெரிந்த மருத்துவரின் கை ஸ்கேனைவிட நம்பகமானது. பிடிமானம் இல்லாமல் நிற்க முடியவில்லை என்றாலோ, கூடவே காது கேட்பது குறைந்தாலோ, நார்மல் ரிப்போர்ட்டோடு வீட்டில் படுத்திருக்காதீர்கள். திரும்பப் போங்கள்.

‘எட்டாம் நரம்பைத் தொடும் ரத்தக்குழாய் வளைவு’ என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. ஆபரேஷன் தேவைப்படுமா?

பயப்படாதீர்கள். எட்டாம் நரம்பு என்பது செவிக்கும் சமநிலைக்குமான நரம்பு. எந்தத் தொந்தரவும் இல்லாத எத்தனையோ பேருக்கு இந்த வளைவு இருக்கிறது. படத்தில் தெரிந்ததால் எழுதியிருக்கிறார்கள். வினாடிக் கணக்கில் வந்து போகும் சுற்றல், ஒரு நாளில் பல முறை, எப்போதும் ஒரே மாதிரி என்றிருந்தால் மட்டும் அதைக் காரணமாக யோசிக்கலாம். அப்போதும் முதலில் மாத்திரைதான்.

ஒரு வயதுக் குழந்தைக்குப் பிறவியிலேயே இரண்டு காதும் கேட்கவில்லை. காக்ளியர் இம்ப்ளான்ட் செய்ய எம்.ஆர்.ஐ. கட்டாயம் என்கிறார்கள். மயக்க மருந்து கொடுப்பதை நினைத்தால் கலக்கமாக இருக்கிறது.

உங்கள் கலக்கம் புரிகிறது. ஆனாலும் எடுங்கள். காக்ளியாவுக்குள் வைக்கும் இம்ப்ளான்ட் அனுப்பும் மின் சமிக்ஞையை மூளைக்குக் கொண்டுபோக செவி நரம்பு இருக்க வேண்டும். இந்த நரம்புகள் போகும் உள்செவிக் கால்வாயைக் குறுக்கே வெட்டினாற்போல் எடுத்த படத்தில், வெள்ளை நீருக்கு நடுவே நான்கு கறுப்புப் புள்ளிகள் தெரியும். முன்னால் மேலே முக நரம்பு, அதன் கீழே செவி நரம்பு, பின்னால் இரண்டும் சமநிலை நரம்புகள். முன்னால் கீழே புள்ளி இருக்கிறதா, எவ்வளவு பெரிது என்பதை அறுவைக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். மூளைக்காய்ச்சலால் செவி இழந்த குழந்தை என்றால் ஒரு நாள்கூடத் தாமதம் வேண்டாம். காக்ளியாவுக்குள் நீர் இருந்த இடம் நாராகி, பிறகு எலும்பாகிவிடும். நாராகும் கட்டம் எம்.ஆர்.ஐ.யில் தெரியும், சிடியில் தெரியாது.

எனக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் இருக்கிறது. முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

இம்ப்ளான்டின் மாடல் எழுதிய அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். முழங்காலை எடுத்தாலும் காந்தப் புலம் தலையையும் இழுக்கும். உள்ளே இருக்கும் காந்தம் இடம் பெயர்ந்து வலி தாங்காமல் ஸ்கேனைப் பாதியில் நிறுத்தியவர்கள் உண்டு. சில மாடல்களுக்குத் தலையில் இறுக்கக் கட்டுப் போட்டு 1.5 டெஸ்லாவில் எடுக்கலாம். காந்தம் தானே திரும்பிக்கொள்ளும் புதிய மாடல்கள் சிலவற்றுக்கு 3 டெஸ்லா வரை அனுமதி உண்டு. மாடல் எண் தெரியாமல் யாரும் முடிவு சொல்லக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன்.

கான்ட்ராஸ்ட் ஊசி சிறுநீரகத்தைக் கெடுக்குமா?

சிறுநீரகம் நன்றாக இருந்தால் கவலை வேண்டாம். ஏற்கனவே மோசமாகப் பழுதானவர்களுக்குத்தான் ஆபத்து. அது தோல் இறுகும் ஒரு நோயாக வரும். முன்கூட்டியே, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். கர்ப்பமாக இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

மிஷினுக்குள் படுத்திருந்தபோது யாரோ மெல்லச் சுழற்றுவதுபோல இருந்தது. டெக்னீஷியன் பயம்தான் காரணம் என்றார். எனக்குப் பயமே இல்லை.

உங்களை நம்புகிறேன். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2011-இல் இதை அழகாக விளக்கினார்கள். வலுவான காந்தப் புலத்தில் வெறுமனே படுத்திருந்தாலே ஆரோக்கியமானவர்களின் கண்கள் மெல்ல ஒரு பக்கம் ஓடித் திரும்புகின்றன. எண்டோலிம்ஃபில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் அயனி மின்னோட்டத்தைக் காந்தம் தள்ளுகிறது, அந்தத் தள்ளல் அரைவட்டக் குழாயின் உணர்முனையை வளைக்கிறது. உள்காது வேலை செய்யாதவர்களுக்கு இந்தக் கண் ஓட்டம் வரவில்லை. ஆக, நீங்கள் சுழன்றதை உணர்ந்தது உங்கள் உள்காது வேலை செய்வதால்தான். வெளியே வரும்போது எதிர்ப்பக்கமாகவும் கொஞ்சம் சுற்றும். ஸ்கேன் முடிந்தவுடன் குதித்து இறங்காமல், ஒரு நிமிடம் அந்தப் படுக்கையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுக் காலை ஊன்றுங்கள்.