நெஞ்சறுவைக்கு ரோபோ: வாங்குமுன் எதைச் சோதிப்பது?

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் நெஞ்சு அறுவை சிகிச்சைக்கு ரோபோ வாங்கும் பேச்சு நடக்கிறது. இரண்டு நிறுவனங்கள் வந்து டெமோ காட்டின. இரண்டுமே நன்றாக இருந்தன. தேர்வுக் குழுவில் இருக்கும் நான் எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்: டெமோவில் எல்லா ரோபோவும் நன்றாகத்தான் வேலை செய்யும். படத்தின் தெளிவு, மணிக்கட்டு போலத் திரும்பும் கருவிமுனை எல்லாம் சரி. நான் முதலில் கேட்பது வேறு: நுரையீரல் தமனி கிழிந்தால் என்ன செய்வோம்?

அந்தத் தமனியின் சுவர் மெல்லியது. கிழிந்தால் சில நொடிகளில் திரை முழுக்கச் சிவப்பு. அறுவை நிபுணரோ தள்ளி, ரோபோவை இயக்கும் மேசையான கன்சோலில், ஸ்டெரைல் கையுறைகூட இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். ரோபோவின் ஒரு கை துணிச்சுருளை வைத்து அழுத்தியபடி நிற்க, மற்றக் கைகளைக் கழற்றி நெஞ்சைத் திறக்கும் வேலையை மேஜையருகே இருக்கும் உதவியாளர்தான் தொடங்க வேண்டும்.

ஆகவே உங்கள் தியேட்டரிலேயே, உங்கள் ஆட்களை வைத்தே ஒத்திகை பாருங்கள். பொம்மை உடலை ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரத்தைக் குறியுங்கள். நான் பார்த்த ஓர் ஒத்திகையில் கருவிகளை உருவ நேரமே ஆகவில்லை. ரோபோ கைகள் பொருத்திய வண்டியைத்தான் நகர்த்த முடியவில்லை. தரையில் கிடந்த கேபிள் சக்கரத்தில் சிக்கியிருந்தது. டெமோ அறையில் அப்படி ஒரு கேபிள் கிடக்காது.

அப்புறம் ஸ்டேப்ளர். கன்சோலிலிருந்தே இயக்கும் ஸ்டேப்ளர் எல்லா ரோபோவிலும் கிடையாது. இல்லையென்றால் ரத்தக்குழாயை மூடி வெட்டும் அந்த நொடி உதவியாளர் கையில். அனுபவமுள்ள உதவியாளர் ஒவ்வொரு கேசுக்கும் கிடைப்பாரா என்று நேர்மையாகக் கணக்குப் போடுங்கள்.

மயக்கவியல் நிபுணரையும் உடன் அழையுங்கள். ஒரு நுரையீரலை மட்டும் இயங்கவைக்கும் குழாய் நடுவில் நகர்ந்துவிட்டால், ரோபோ கைகளைத் தாண்டி அவர் தலைப்பக்கம் போக முடிய வேண்டும்.

விற்பனைச் சிற்றேட்டைக் கவனமாகப் படியுங்கள். நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவையோடு ஒப்பிட்டால் எந்த நுண்துளை முறையும் நன்றாகத்தான் தெரியும். வலி குறைவு, சீக்கிரம் வீடு திரும்புவது போன்றவற்றில் பெரும்பங்கு சிறு துளையால் வருவது, ரோபோவால் அல்ல. நியாயமான ஒப்பீடு வாட்ஸ் எனப்படும் வீடியோ வழி அறுவையோடுதான். ஷாங்காயில் 320 நோயாளிகளிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வு அப்படித்தான் ஒப்பிட்டது: ரோபோவில் நிணநீர் முடிச்சுகள் கூடுதலாக எடுக்கப்பட்டன, சிக்கல்கள் ஏறக்குறைய ஒன்றே, செலவு அதிகம்.

செலவு என்றால் ரோபோவின் விலை மட்டுமல்ல. பல கருவிகள் குறிப்பிட்ட தடவைக்குமேல் இயங்காது. ஒரு லோபெக்டமிக்கு (நுரையீரலின் ஒரு மடலை அகற்றும் அறுவை) எத்தனை கருவி, எத்தனை ஸ்டேப்ளர் ரீலோடு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2024இல் அமெரிக்க அனுமதி பெற்ற டாவின்சி 5 என்ற ரோபோவில் இழுவிசையை உணர்த்தும் வசதி வந்திருக்கிறது. எளிதில் கிழியும் நுரையீரலுக்கு அது எனக்கு மிகவும் பிடித்த வசதி. ஆனால் அதற்குத் தனிக் கருவிகள் வேண்டும். அந்தச் செலவையும் சேருங்கள்.

கையெழுத்திடுமுன் உங்களுடைய கடைசி 50 வாட்ஸ் கேசுகளை எடுத்து, எத்தனை கேசில் நெஞ்சைத் திறக்க நேர்ந்தது, அறுவைக்குப்பின் காற்றையும் நீரையும் வடிக்கும் நெஞ்சுக்குழாய் எத்தனை நாள் இருந்தது என்று எழுதி வையுங்கள். ரோபோ வந்த பிறகு ஒப்பிட அந்தத் தாள்தான் வேண்டும்.