30 ஆம்ப் போட்டால் பம்ப் ஓடத்தான் செய்யும்

டெக்சாஸுக்கு வந்து எட்டு மாதம் ஆன மார்த்தாண்டத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பழைய டிராவல் டிரெய்லர் ஒன்று, அதாவது வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு, வாங்கியிருக்கிறார். விற்றவர் கூடவே 120 ஃபியூஸ் உள்ள டப்பா ஒன்றையும் கொடுத்தாராம். போன வாரம் தண்ணீர் பம்ப் நின்றுபோனது. 10 ஆம்ப் ஃபியூஸ் மாற்றி மாற்றிப் போட்டு, டப்பாவில் இருந்த 10 எல்லாம் தீர்ந்ததும் ஒரு 30-ஐப் போட்டிருக்கிறார். பம்ப் ஓடுகிறது. அப்படியே விடலாமா, இனி எந்த ஃபியூஸை எத்தனை வாங்கி வைப்பது என்பதுதான் கேள்வி.

தம்பி, முதலில் அந்த 30-ஐக் கழற்றுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

லீவில் வந்து தக்கலையில் இருந்து எழுதுகிறேன். நேற்று ராத்திரி நல்ல மழை, பாதி வீடு இருட்டு. அப்பா டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு, பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினார். பழைய வயர் துண்டில் இருந்து செம்பு இழை இரண்டை உருவி முறுக்கிச் சுற்றினார். "ஒரு இழை போதாதா?" என்றேன். "ஒண்ணு போட்டா நாளைக்கும் போவும் மக்ளே" என்றார். வருஷத்தில் இரண்டு மழைக்காலம் பார்க்கிற மாவட்டம் நம்முடையது. தென்னை ஓலை லைனில் விழுவதும், கட்டைக்குக் கம்பி கட்டுவதும் நாம் பிறந்ததில் இருந்து பார்ப்பது. உங்கள் பம்ப்புக்கு 30 போட்டது அந்தப் பழக்கத்தின் கைதான். என் கையும் அதே கைதான், அதனால் குறையாகச் சொல்லவில்லை.

ஆனால் ஃபியூஸ் காப்பது பம்பை அல்ல, சுவருக்குள் ஓடும் வயரை. கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன்: 14 கேஜ் வயருக்கு 15 ஆம்ப், 12-க்கு 20, 10-க்கு 30 என்பதுதான் பொதுவான மேல்வரம்பு. பம்ப்புக்குப் போகிற வயர் பெரும்பாலும் மெல்லியது. பம்ப் இறுகி நின்று 25 ஆம்ப் இழுத்தால் உங்கள் 30 அசையாது, வயர்தான் சூடாகும். அப்பா வீட்டில் செங்கல் சுவர். டிரெய்லரில் மெல்லிய ஒட்டுப்பலகையும் நடுவில் நுரையும். தீப்பிடித்தால் வெளியே ஓட ஒரு கதவு.

இனி அந்த 120 டப்பா. அதைத் தூக்கிப் போடுங்கள் என்பேன். பிளாஸ்டிக் தலையும் இரண்டு தட்டைத் தகடுக் காலும் உள்ள இதைத்தான் பிளேடு ஃபியூஸ் என்பார்கள். நல்ல பிளேடு ஃபியூஸுக்குக் கணக்கு உண்டு: எழுதியிருப்பதைப் போல இரண்டு மடங்கு கரண்ட் போனால் 5 விநாடிக்குள் அது போயாக வேண்டும். 15 என்று எழுதியது 30 ஆம்பில் போகாமல் நின்றால் அது ஃபியூஸ் இல்லை, நிறம் பூசிய கம்பி. பெயர் தெரியாத டப்பா ஃபியூஸ்களில் அப்படி நிற்பவை உண்டு. தகடு மெலிந்திருப்பதால் சாக்கெட்டில் லூசாக உட்கார்ந்து, கரண்ட் குறைவாக இருக்கும்போதே தொடும் இடம் சூடாகி பிளாஸ்டிக் உருகுவதும் உண்டு. லிட்டில்ஃபியூஸ், பஸ்மன் என்ற இரண்டு கம்பெனியில் ஒன்றின் ஃபியூஸை ஆட்டோ பார்ட்ஸ் கடையில் நேரில் போய் வாங்குங்கள். ஐந்து ஃபியூஸ் பாக்கெட்டின் விலை ஒரு காப்பிக் காசுதான். ஆன்லைனில் யார் விற்கிறார் என்று தெரியாத இடத்தில் இதை மட்டும் வாங்காதீர்கள்.

அளவையும் பாருங்கள். டிரெய்லரின் ஃபியூஸ் பலகையில் இருப்பது பெரும்பாலும் ஏடிஓ அல்லது ஏடிசி என்கிற, சுமார் 19 மில்லிமீட்டர் அகலமுள்ள சாதாரண பிளேடு. இழுக்கிற வண்டியின் ஃபியூஸ் பெட்டியில் மினி, மைக்ரோ எல்லாம் இருக்கும். ஒன்று மற்றதில் சேராது. நிறம் எங்கும் ஒன்றுதான்: 5 இளம் பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் பழுப்பும் இளம் பழுப்பும் ஒன்றுபோலத் தெரியும், எண்ணை வாசித்துவிட்டே போடுங்கள்.

எத்தனை என்றால், உங்கள் பலகையைத் திறந்து அதில் என்ன இருக்கிறதோ அதை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அளவிலும் மூன்று, அதிகம் இருக்கும் 15-இல் ஐந்து. டிரெய்லரைச் சூடாக்கும் காஸ் ஹீட்டர், ஃபிரிட்ஜ் இரண்டின் சர்க்யூட் போர்டிலும் தனியாக 3 அல்லது 5 ஆம்பில் சின்னது ஒன்று ஒளிந்திருக்கும். அதையும் பார்த்து இரண்டு வாங்குங்கள். வெளியில் இருந்து பிளக்கில் வரும் 120 வோல்ட் பக்கம் பிரேக்கர்தான், அங்கே ஸ்பேருக்கு வேலை இல்லை.

எல்லோரும் மறக்கிற ஒன்று இருக்கிறது. பலகையின் ஓரத்தில் 30 அல்லது 40 ஆம்பில் இரண்டு ஃபியூஸ் தனியாக நிற்கும். பேட்டரியைத் தலைகீழாகக் கொடுத்தால், 120 வோல்ட்டை 12 வோல்ட் ஆக்கித் தரும் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற அவை செத்துப்போகும். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே அவற்றைக் கொன்றிருக்கிறேன். முதல் டிரெய்லர், புது பேட்டரி, கரண்ட் இணைப்பு இல்லாத காட்டு முகாம். ஊரில் வயரிங்கில் கறுப்பு நியூட்ரல், காரில் கறுப்பு நெகட்டிவ். யோசிக்காமல் கறுப்பை நெகட்டிவில் மாட்டினேன். டிரெய்லரின் 12 வோல்ட் வயரிங்கில் கறுப்புதான் பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். 'டப்' என்று ஒரு சத்தம், எல்லாம் இருட்டு. ஹீட்டர் காஸில் எரிந்தாலும் அதன் காற்றாடிக்கு 12 வோல்ட் வேண்டும். என் டப்பாவில் 15 மட்டும் பத்துப் பன்னிரண்டு இருந்தது, 30 ஒன்றுகூட இல்லை. குளிரில் பிள்ளைகளுக்கு இருந்த போர்வையை எல்லாம் போர்த்திவிட்டு, நானும் வீட்டுக்காரியும் விடியும்வரை காரில் ஹீட்டர் போட்டு முறை வைத்து உட்கார்ந்திருந்தோம். அவள் அன்று ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசம். அதிலிருந்து அந்த இரண்டுக்கு நான்கு ஸ்பேர் வைத்திருக்கிறேன். அவற்றை மாற்றும்போது வெளிக்கரண்ட் பிளக்கையும் பேட்டரியையும் கழற்றிவிட்டே கை வையுங்கள்.

வைப்பதற்குப் பெரிய வித்தை இல்லை. வார மாத்திரை டப்பா ஒன்று போதும், அறைக்கு ஓர் அளவு, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். ஃபியூஸ் கெட்டுப்போகிற சாமான் இல்லை. ஆனால் கால்வெஸ்டன் பக்கம் கடல் ஓரமாகவே போகிறவர் என்றால், குளச்சல் வீட்டு ஜன்னல் கம்பி மாதிரி தகடு பூத்துவிடும். பூத்ததைப் போடாதீர்கள். டப்பா பலகைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். எந்த எண் எதற்கு என்று கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். சின்ன மல்டிமீட்டர் ஒன்று வேண்டும்: பிளேடு ஃபியூஸின் தலையில் இரண்டு உலோகப் புள்ளி தெரியும், கழற்றாமலே அங்கே தொட்டுப் பார்க்கலாம்.

இனி உங்கள் பம்ப். 10 ஒன்று போனால் அது ஃபியூஸ் சமாசாரம். தொடர்ந்து போனால் ஃபியூஸ் உங்களிடம் ஏதோ சொல்கிறது. பம்ப்பின் இரண்டு வயரையும் கழற்றி, நுனிக்கு டேப் சுற்றிவிட்டு, புது 10 போட்டு ஸ்விட்சைப் போடுங்கள். பம்ப் இல்லாமலே ஃபியூஸ் போனால் வயர் எங்கோ உரசியிருக்கிறது, இல்லை எலி கடித்திருக்கிறது. ஃபியூஸ் போகாமல் நின்றால் கோளாறு பம்ப்பில்தான், அது இறுகியிருக்கலாம். முன்னால் உள்ள வடிகட்டியைத் திறந்து பாருங்கள், பழைய டிரெய்லரில் அங்கே பிளாஸ்டிக் சீவல் நிறைய கிடக்கும். பார்த்துவிட்டு எழுதுங்கள். அடுத்த மாதம் ஹூஸ்டன் திரும்புவேன், அதுவரை பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள்.