லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிப் பட்டியல்: எத்தனை, எப்படிப் பிரிப்பது?

கேள்வி: இந்தியாவிலிருந்து, கலை, அறிவியல் இரண்டையும் கற்பிக்கும் 'லிபரல் ஆர்ட்ஸ்' எனப்படும் அமெரிக்கச் சிறு கல்லூரிகளில் இயற்பியல் படிக்க விண்ணப்பிக்கிறேன். நிதியுதவி கட்டாயம் வேண்டும். பட்டியலை எப்படி அமைப்பது?

பத்து போதும். பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பத் தளமான காமன் ஆப் இருபது வரை அனுமதிக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரை எழுதி மாளாது.

ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ், பொமோனா போன்றவை யாருக்குமே எட்டாக்கனி வகைதான்; இடம் கிடைப்பது அரிது. இந்த வகையில் மூன்றுக்கு மேல் வேண்டாம். வில்லியம்ஸ் போன்ற இடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கல்லூரி அணி விளையாட்டு வீரர். 'எர்லி டிசிஷன்' (இடம் கிடைத்தால் கட்டாயம் சேர்வேன் என்ற உறுதியோடு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறை) சேர்க்கை விகிதம் கவர்ச்சியாகத் தெரிவதற்கு, அவர்களில் பலர் அந்தச் சுற்றிலேயே சேர்க்கப்படுவதும் ஒரு காரணம். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

பெரும்பாலானோர் சறுக்குவது பட்டியலின் நடுப்பகுதியில், அதாவது தங்கள் தகுதிக்கு ஒத்த கல்லூரிகளில்தான். மெக்காலெஸ்டர் உங்கள் மதிப்பெண்ணுக்குப் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் பல கல்லூரிகள் வெளிநாட்டவர் எவ்வளவு உதவி கேட்கிறார் என்பதையும் பார்த்தே முடிவெடுக்கும். கேட்கும் தொகை கூடக்கூட அதே கல்லூரி எட்டாக்கனி ஆகிவிடும். கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' (கல்லூரி வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு) என்று தேடுங்கள். அதில் எச்6 பகுதி, வெளிநாட்டவர் எத்தனை பேருக்குச் சராசரியாக எவ்வளவு கொடுத்தார்கள் என்று சொல்லும். அதன் சி7 பகுதியில் 'விண்ணப்பதாரரின் ஆர்வம்' முக்கியம் என்றிருந்தால், இணையவழி அறிமுகக் கூட்டத்தில் பதிவுசெய்து கலந்துகொள்ளுங்கள்.

வூஸ்டர், கலமசூ போன்றவற்றில் இடம் கிடைப்பது எளிது. ஆனால் பணம் கட்ட முடியாத இடத்தைப் பாதுகாப்பான தேர்வு என்று எண்ணக் கூடாது. விண்ணப்பிக்கும் முன்பே உதவித்தொகையின் உச்சவரம்பை மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

கடைசியாகப் பாடப்பட்டியலைப் பாருங்கள்: சிறிய துறைகளில் குவாண்டம் இயக்கவியல் போன்ற உயர்நிலைப் பாடம் ஓராண்டு விட்டு ஓராண்டுதான் நடக்கலாம்.