முடிக்காத புத்தகத்தைப் பற்றிக் கதைக்கலாமா?

அன்புள்ள ஐயாவுக்கு,

களுவாஞ்சிகுடியில் படிப்பிக்கிறேன். நாங்கள் ஆசிரியர்கள் நாலைந்து பேர் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கூடி, அவரவர் அப்போது வாசிக்கும் புத்தகத்தைப் பற்றிச் சொல்லுவோம். தொடக்கத்தில் நன்றாகத்தான் இருந்தது. இப்போது “இதை வாசிக்கிறேன், நல்ல புத்தகம்” என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. ஒருவர் ஒவ்வொரு கிழமையும் ஒரு தடித்த புத்தகத்தின் பெயரைச் சொல்கிறார். அதைக் கேட்டதும் மற்றவர்கள் தங்கள் புத்தகத்தைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். என்ன செய்யலாம்? நீங்கள் இப்போது என்ன வாசிக்கிறீர்கள்?

வாசகி, களுவாஞ்சிகுடி

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கிழக்கிலங்கைக் கவிஞர் நீலாவணனின் ‘வேளாண்மைக் காவியம்’, என் வாசிப்பு பாதியில் நிற்கிறது. அவர் 1975இல் போய்ச் சேர்ந்தார். நூல் 1982இல்தான் அச்சில் வந்தது. பெரியநீலாவணைக்காரர், உங்களுக்கு அடுத்த ஊர் மாதிரித்தான்.

சம்மாந்துறைப் பக்கம் வெள்ளாமை செய்கிற என் மச்சான் போன கிழமை வந்திருந்தார். பேப்பரைத் தவிர வேறொன்றும் வாசிக்காதவர். “என்ன புத்தகம்?” என்றார். பெயரைச் சொன்னேன், தலையை ஆட்டிவிட்டுத் தேத்தண்ணியை எடுத்தார். பிறகு விரித்திருந்த பக்கத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவ்வளவுதான். மாடு கட்டிச் சூடு (கதிர்க் குவியல்) மிதித்த காலம், வயல் குடிசையான வாடியில் இராக்காவல் கிடந்தது, களத்துக்குள் சில சொற்களை வாயில் எடுக்கக்கூடாது என்று அவருடைய வாப்பா போட்ட கட்டுப்பாடு, ஒரு தரம் அதை மீறி வயல் வேலையாட்களின் தலைவரான முல்லைக்காரனிடம் ஏச்சு வாங்கியது எல்லாம் வந்தது. “இப்ப மெசின் ஒரே ஓட்டத்தில வெட்டி அடிச்சுத் தருது. சூடு எங்க, களம் எங்க” என்றவர், வாசித்த இடத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். தேத்தண்ணி ஆறிப் போயிருந்தது.

உங்கள் வெள்ளிக்கிழமையில் குறைவது இதுதான். புத்தகத்தின் பெயரையும் தீர்ப்பையும் சொன்னால் கேட்கிறவருக்குப் பேச ஒன்றும் மிஞ்சாது. “நல்லது” என்றால் அவரும் “ஓம்” என்று சொல்லிவிட்டுப் போவார். நிற்கிற பக்கத்தைக் கொண்டு வரச் சொல்லுங்கள், அரைப் பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். முடித்த பிறகு சொல்லலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். முடித்தவர் விமர்சகர் ஆகிவிடுகிறார். நடுவில் நிற்கிறவருக்குத்தான் சந்தேகமும் கோபமும் சூடாக இருக்கும்.

தடித்த புத்தகக்காரரை ஒதுக்காதீர்கள். என் மேசையிலும் ஒன்று கிடக்கிறது, காரைதீவு தந்த விபுலானந்த அடிகளின் பழந்தமிழ் இசை ஆய்வான ‘யாழ் நூல்’. 1947இல் வெளிவந்தது, அதே வருடம் அடிகளும் மறைந்தார். அதிலுள்ள இசைக் கணக்கு எனக்கு விளங்காது. இதை மறைக்காமல் சொன்னதில் ஒரு லாபம் கிடைத்தது. கல்லடியில் அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை படிக்கும் பிள்ளை ஒருத்தி, பாலைத் திரிபு வருகிற இடத்தைப் பார்த்துவிட்டு, அதே ஏழு சுரத்தில் தொடங்குகிற இடத்தை மட்டும் மாற்றி மாற்றி முணுமுணுத்துக் காட்டினாள். ஒவ்வொரு தடவையும் வேறொரு பண்ணாகக் கேட்டது. நான் மணிக்கணக்கில் முட்டிக்கொண்டிருந்த பக்கம் அது. உங்கள் நண்பரிடமும் “எந்த இடம் விளங்கவில்லை?” என்று கேட்டுப் பாருங்கள். உண்மையில் வாசிக்கிறவர் என்றால் உடனே பக்கத்தைத் திருப்புவார். மற்றபடி என்றால், அடுத்த கிழமை மெல்லிய புத்தகத்தோடு வருவார், அதுவும் நல்லதுதான்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. வாசிக்கிறதைச் சொன்னால், “முடிஞ்ச கையோட எனக்குத் தாங்க” என்று யாராவது கேட்பார்கள். கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. எழுதியவரே காசு போட்டு அடிக்கிற சில நூறு பிரதி; வெளியீட்டு விழாவில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று காசுக் கவரோடு போய் வாங்குகிறோம், பிறகு அலுமாரியில் அடுக்குகிறோம். நயவுரை ஆற்றியவராவது முழுதாக வாசித்தாரா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். அந்தப் பிரதிகள் கடைக்கு வருவதே அபூர்வம். ஆகையால் இரவல் கொடுங்கள், ஆனால் ஒரு கொப்பியில் பெயரும் திகதியும் எழுதி வையுங்கள். இரவல் கேட்கிறவர் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு கட்டாயமாக எழுத வேண்டும். கொடுக்க மனமில்லாத பழைய பிரதி என்றால், 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையவழி எண்ணிம நூலகத்தில் தேடிப் பாருங்கள். கிழக்கில் அச்சான பழைய நூல்களும் சஞ்சிகைகளும் நிறைய அங்கே இருக்கின்றன, கைபேசியிலேயே வாசிக்கலாம்.

‘வேளாண்மைக் காவிய’த்தை மச்சான் ஏற்கெனவே கேட்டுவிட்டார். அவரிடமிருந்து திரும்பி வந்தால் உங்களுக்குத்தான்.